பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகும் முன்: களத்தில் இறங்கும் சமூகப் பணியாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) முடித்துவிட்டுப் புதிதாகக் களத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஸ்கூலுக்கு வராத பசங்க லிஸ்ட் குடுங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்துடறோம்." லிஸ்ட் கொடுப்பது சுலபம். பேசிக் கூட்டி வருவதும் பல நேரம் சுலபம்தான். மூன்று வாரம் கழித்து அதே பிள்ளை மறுபடி காணாமல் போகும்போதுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் 12 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் 2 ஆண்டு நானும் பிள்ளை பிடிக்கிறவளாகத்தான் அலைந்தேன். ஒருநாள் ஒரு பள்ளியின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெருப் பெயரை எழுதிப் பார்த்தேன். ஊரில் 9 தெரு. பட்டியலில் இருந்த பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாமே காலனியிலும் ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலும் போய் விழுந்தன. காய்ச்சல் எல்லாத் தெருவுக்கும்தான் வருகிறது. படிக்கச் சலிப்பும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. வராத நாள் மட்டும் ஏன் இரண்டே தெருவில் குவிகிறது? கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தவை.

(காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர்ப்பேச்சில் இன்னும் போகவில்லை. நீங்கள் உங்கள் குறிப்பில் அந்தத் தெருவின் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.)

படி 1: எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள். 6 முதல் 8 வரை 220 நாள். அமெரிக்கா போன்ற நாடுகளில் மொத்த நாளில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டாலே அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டியவராகக் குறிக்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 220-க்கு 22 நாள். மாதத்துக்கு 2 நாள் சொச்சம். ஆசிரியர் கண்ணில்கூடப் படாத அளவு அது.

நம் ஊரில் ஒரு பிள்ளை தொடர்ச்சியாகப் பல வாரம் வராமல் போய், 'இடைநின்றவர்' பட்டியலில் ஏறின பிறகுதான் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆள் கிளம்புவார். அதற்குள் அந்தப் பையன் வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியோடு பழகியிருப்பான், கையில் காசு புழங்கியிருக்கும். மாதம் 2 நாள் என்ற கோட்டிலேயே நீங்கள் பார்க்கத் தொடங்குங்கள்.

தலைமை ஆசிரியரிடம் முறைப்படி எழுத்தில் அனுமதி வாங்கி, மூன்று பதிவுகளைக் கேளுங்கள்: இந்த ஆண்டு வருகைப் பதிவு, போன ஆண்டுப் பதிவு, சத்துணவுப் பதிவேடு. மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். சில பள்ளிகளில் மேலிடத்துக் கெடுபிடிக்குப் பயந்து வராத பிள்ளைக்கும் செயலியில் வருகை போட்டுவிடுவது உண்டு. சாப்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் ஓரளவு உண்மை தெரியும். ஓரளவுதான், வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டோம் என்று அந்த இடத்திலேயே ஆசிரியரை மடக்காதீர்கள். அவர் உங்களை ஆய்வுக்கு வந்தவர் என்று ஒருமுறை நினைத்துவிட்டால் அப்புறம் ஒரு தகவலும் வராது. முதல் நாள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவது நல்லது. பதிவேட்டைப் போனில் படம் எடுக்கவே கூடாது.

படி 2: கிழமை, பருவம், வகுப்பு பார்த்துப் படியுங்கள்

மொத்த நாள் கணக்கில் ஒன்றும் தெரியாது. எந்த நாள் என்று பாருங்கள்.

7-ஆம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வியாழக்கிழமை தோறும் ஆப்சென்ட். பக்கத்து ஊர்ச் சந்தை வியாழக்கிழமை. அம்மா கீரை விற்கப் போவாள். கைக்குழந்தை இவள் இடுப்பில். இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே தேதிகளில் ஆப்சென்ட். தேதிகளை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் மழை பெய்த மறுநாள். தார்ப்பாய்க் கூரை. இரவு முழுக்கத் தண்ணீர் இறைத்துவிட்டு விடிந்ததும் தூங்கிப்போவார்கள். இந்த இரண்டையும் பதிவேடே சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் "உடம்பு சரியில்ல மேடம்" என்றுதான் பதில் வந்திருக்கும்.

பருவம் அதைவிட முக்கியம். வட தமிழ்நாட்டில் பொங்கல் முடிந்த கையோடு செங்கல் சூளை சூடுபிடிக்கும். அடுத்த மழை வரைக்கும் வேலை. பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. முன்பணம் வாங்கின குடும்பம் தை மாதம் மூட்டை கட்டினால் பிள்ளைக்கு மூன்றாம் பருவம் மொத்தமும் போச்சு. கரும்பு வெட்டு, சவுக்கு வெட்டு, கரி சுடுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தின் வேலைக் காலண்டரைப் பள்ளிக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து களத்தில் இதைவிடப் பயன்பட்ட காகிதம் வேறில்லை.

வகுப்பில் இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று 6-ஆம் வகுப்பு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 5-ஆம் வகுப்பு வரைதான். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை 6-ஆம் வகுப்புக்குப் போனதும் காலை வெறும் வயிற்றோடு, பல நேரம் இன்னும் தூரமான பள்ளிக்கு நடக்கிறது. இன்னொன்று 9. கல்வி உரிமைச் சட்டத்தின் கை 8-ஆம் வகுப்போடு, 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதுவரை எல்லோரும் பாஸ். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் 9-இல் முதல் தடவையாக ஃபெயில் என்ற சொல்லைக் கேட்கிறான். அதே வயதில்தான் அவனுக்கு வெளியே சம்பளமும் கிடைக்கிறது.

பெண் பிள்ளைகள் என்றால் வைகாசி முகூர்த்தங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியும் வராத 9, 10-ஆம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்கு மற்ற எல்லா வீட்டுக்கும் முன்னால் போங்கள்.

படி 3: பள்ளிக்குப் போகிற வழியை நடந்து பாருங்கள்

பைக்கில் போகாதீர்கள். காலை 8 மணிக்குக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளோடு நடந்து போங்கள். வழியில் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள், எங்கே சுற்றி நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு ஊரில் நேர் வழி 10 நிமிடம். பிள்ளைகள் வயல் வரப்பில் 25 நிமிடம் சுற்றிப் போனார்கள். நேர் வழி ஊர்த்தெரு. யாரும் தடுக்கவில்லை, பலகை எதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வரப்பு மூழ்கிவிடும், அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பதிவேட்டில் அது மழை லீவு.

அங்கன்வாடி எந்தத் தெருவில், ரேஷன் கடை எங்கே, பேருந்து எங்கே நிற்கிறது, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, டாஸ்மாக் எந்தப் பக்கம்: கையால் வரைந்த ஒரு படத்தில் இவ்வளவையும் குறித்துவிட்டால் போதும்.

படி 4: வீட்டுக்குப் போவது

இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஏரிக்கரைக் குடியிருப்பில் 4-ஆம் வகுப்புப் பையன் ஒருவன் 11 நாளாக வரவில்லை. பகலில், தலைமை ஆசிரியரோடும் ஊர்ப் பிரமுகர் ஒருவரோடும் போனேன். துணைக்குப் பெரிய மனிதர் இருந்தால் மரியாதை கிடைக்கும் என்று நினைப்பு. அந்த வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கே அனுப்பிடறோம் சார்" என்றார். மறுநாள் பையன் வரவில்லை. அவருமே ஊரில் இல்லை. அந்தப் பெரிய மனிதரின் சவுக்குத் தோப்பில்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் முறை தனியாக, சாயங்காலம் 6 மணிக்குப் போனேன். பையனின் ஆயா ஏரி மீனைச் சாம்பலில் புரட்டி ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மீனை எடுத்து நானும் ஆய்ந்தேன். (செதில் எடுக்க எனக்கு வராது. அவர் சிரித்தது நல்லதாகப் போயிற்று.)

"பையன் நேத்து என்ன பண்ணினு இருந்தான் ஆயா?"

"நேத்தா? தங்கச்சிப் பாப்பாவப் பாத்துக்கினு இருந்தான். அவங்க அம்மா தோப்புக்குப் பூட்டாளே."

"பாப்பாவ அங்கன்வாடில உடலாமே?"

"அது ஊருக்குள்ள இல்ல இருக்குது. ஒருவாட்டி தூக்கினு போனேன். பேரு ஏத்த ஆதார் கேட்டாங்க. இதுக்குப் பொறந்த சர்டிபிகேட்டே இல்ல. தோப்பாண்டதான் பொறந்துச்சு."

11 நாள் ஆப்சென்ட்டின் கதை இவ்வளவுதான். பையனின் படிப்பு தங்கையின் அங்கன்வாடியில் மாட்டியிருந்தது, அங்கன்வாடி பிறப்புச் சான்றிதழில், சான்றிதழ் பிரசவம் நடந்த இடத்தில். பையனுக்கு எவ்வளவு அறிவுரை சொன்னாலும் இதில் எந்த முடிச்சும் அவிழாது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட சில பழக்கங்கள். "ஏன் வரல?" என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லித்தான் தப்பிக்க முடியும். "நேத்து என்ன செஞ்சே?" என்று கேட்டால் ஒரு நாள் முழுசாக வெளியே வரும். முதல் சந்திப்பில் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்திருப்பேன். வேலை கொடுப்பவர், கடன் கொடுத்தவர், ஊர்த் தலைவர், யூனிஃபார்ம் போட்டவர் யாரையும் கூட அழைத்துப் போவதில்லை. பிள்ளையோடு பேசும்போது "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை சொன்னால் போக்சோ சட்டம் 2012-இன்படி நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்பதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு.

எப்போது நம்பிக்கை வந்தது என்று எப்படித் தெரியும்? எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. மேடம் என்று கூப்பிட்டவர்கள் அக்கா என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் கிடைத்த காரணத்தைப் பென்சிலில்தான் எழுதி வைப்பேன்.

படி 5: காரணத்துக்கேற்ற கதவைத் தட்டுங்கள்

காகிதம் இல்லாததால் வராத பிள்ளை: வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நடுவில் விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சாதிச் சான்றிதழ் வேறு கதை. பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர் கொடுக்கிறார். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பலர் 10-ஆம் வகுப்பு தாண்டாமல் நிற்பதற்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காத அலுப்பும் ஒரு காரணம். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. அப்படியும் ஒவ்வொரு வீட்டுக்கும் காகிதம் கையில் வரும்வரை யாராவது நடக்கத்தான் வேண்டும். மனுவை மொத்தமாக ஒரே நாளில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளை: 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சூளைக்காரரும் தோப்புக்காரரும் அந்தச் சந்தில்தான் நுழைகிறார்கள்: "அது அவங்கப்பாவுக்கு ஒத்தாசை பண்ணுதுங்க." குடும்பம் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வெளியே போக முடியாத நிலையில் இருந்தால் அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன் கீழ் வரும். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்யப் போகாதீர்கள். அனுபவமுள்ள அமைப்போடும் வழக்கறிஞரோடும் சேர்ந்து செய்யுங்கள். தவறாகக் கை வைத்தால் குடும்பம் இரவோடு இரவாக வேறு சூளைக்கு மாற்றப்பட்டுவிடும். மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளை என்றால் உங்கள் ஊர்க் கணக்கிலேயே இருக்காது. திருவள்ளூர்ச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கமிருந்து குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகள் பேசுவது ஒடியா. அவர்களுக்காகச் சூளையிலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி வகுப்பு இருக்கிறதா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

குழந்தைத் திருமணம் என்ற சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பெற்றோர் இல்லாத, அல்லது ஒற்றைப் பெற்றோர் மட்டும் உள்ள ஏழைக் குடும்பம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஸ்பான்சர்ஷிப் உதவிக்கு விண்ணப்பியுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். தகுதியைக் குழந்தைகள் நலக் குழு, ஸ்பான்சர்ஷிப் குழு பார்த்து முடிவு செய்யும், நேரமெடுக்கும். கையில் வராத பணத்தைச் சொல்லி நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

நோய், கண் பார்வைக் குறை, காது மந்தம் போன்றவற்றைப் பள்ளிச் சுகாதாரக் குழு பார்க்கும். கேட்பதற்கு எளிது, ஆனால் பலரும் கேட்பதே இல்லை.

படி 6: பயந்து வராத பிள்ளை

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அதே பள்ளியின் மாணவர்கள். அதற்கு முந்தைய நாட்களில் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியது வெளியே வந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் அந்தத் தாக்குதல்.

இதில் சமூகப் பணியாளர் பார்க்க வேண்டியது இரண்டு. வராத நாட்கள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்தது கசப்பானது: பிள்ளை வாய் திறந்த நிமிடத்திலிருந்து ஆபத்து கூடுகிறது. புகாரை வாங்குகிறவர், அன்று இரவு அந்தப் பிள்ளை எங்கே தூங்கப்போகிறது என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் பேச வேண்டும். யாருக்குச் சொல்கிறோம், அவர் யாருக்குச் சொந்தம், பெயர் எப்படி வெளியே போகாமல் பார்ப்பது, தேவைப்பட்டால் சில நாள் எந்த உறவினர் வீடு, காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் பதிய யார் கூட வருவார்: இதையெல்லாம் உங்கள் நோட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை எடுப்பது என்று பரிந்துரைகள் இருந்தன. அவை சர்ச்சையாகவும் ஆயின. கயிறு பற்றிய வாதம் எப்படியும் போகட்டும். பள்ளியில் நான் முதலில் பார்ப்பது சாப்பாட்டு நேரம்: யார் யாரோடு உட்காருகிறார்கள், கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையின் பெயர் கூப்பிடப்படுகிறது, தண்ணீர்ப் பானையை யார் தொடுகிறார்கள். ஒரு மதியம் போதும்.

படி 7: ஒரு பிள்ளையிலிருந்து தெருவுக்கு

ஏரிக்கரைப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அங்கன்வாடியில் பெயர் ஏற்ற 4 மாதம் ஆயிற்று. பையன் வந்தான். ஆனால் அதே குடியிருப்பில் இன்னும் சில பிள்ளைகள் அதே காரணத்துக்காக வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மாதம் என்று போனால் அவர்கள் வளர்ந்து கல்யாணமே ஆகிவிடும்.

இங்கேதான் தனி வழக்கை ஊர் விஷயமாக மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மேடைகள் இருக்கின்றன. முதலாவது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். உங்கள் பள்ளியில் ஏரிக்கரை அம்மா ஒருவராவது இருக்கிறாரா, கூட்டம் அவர் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் நடக்கிறதா என்று பாருங்கள். காலை 11 மணிக் கூட்டத்துக்குக் கூலி வேலைக்காரர் வரமாட்டார். வராததைக் காட்டி "அவங்களுக்கு அக்கறையில்ல" என்று சொல்வார்கள்.

இன்னொரு மேடை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளின் பெயரை அங்கே ஒருபோதும் சொல்லாதீர்கள். தெருவாரியாக எத்தனை நாள் வகுப்பு போனது என்ற எண்ணிக்கை மட்டும். எங்கள் கூட்டத்தில் அதைப் படித்தது நான் இல்லை, மீன் ஆய்ந்த அந்த ஆயாவின் மருமகள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். நடுவில் ஒருவர் சிரித்தார். மருமகள் நிறுத்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

குறு அங்கன்வாடி வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மையம் இன்னும் வரவில்லை. ஆனால் அங்கன்வாடி உதவியாளர் காலையில் ஏரிக்கரைக்கே வந்து பாப்பாக்களைக் கூட்டிப் போகிறார். இப்போதைக்கு அதுவே பெரிய விஷயம்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாகப் பாடம் எடுத்த அக்காக்கள் யாராவது உங்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எழுத்தில் திணறுகிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படி 8: திரும்பி வந்த முதல் 15 நாள்

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிள்ளை வகுப்பில் நுழையும்போது, "வாங்க துரை, வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு சொல் விழும். ஆசிரியர் கெட்டவர் இல்லை, கிண்டல்தான் செய்தார். வகுப்பு சிரிக்கும். உங்கள் மூன்று மாத வேலை அதோடு முடிந்தது. ஆகவே முந்தின நாளே ஆசிரியரைப் பாருங்கள். நாளைக்கு அவன் வருகிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சின்ன வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். மணி அடிப்பது, தட்டு எண்ணுவது, ஏதோ ஒன்று. (கழிப்பறைப் பக்கம் போகாத வேலை என்று சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்ல மறந்தேன்.)

விட்டுப்போன பாடத்துக்கு ஏற்பாடு இல்லாமல் வகுப்பில் உட்கார வைப்பது அவனைக் காட்சிப்பொருளாக்குவது மாதிரிதான். எந்த அளவில் படிக்கிறான் என்று ஆசிரியரோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள், தினம் அரை மணி யார் சொல்லித் தருவார் என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் பதிவேட்டைப் பார்க்க வேண்டிய நாட்கள்: வந்த முதல் வாரத்தில் தினமும், பிறகு மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, காலாண்டுத் தேர்வுக்கு முதல் நாள், தீபாவளிக்கு மறுவாரம். பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் பதிவேட்டை விட்டுவிட்டு நேராக ஏரிக்கரைக்குப் போங்கள். முன்பணம் கைமாறுவது அந்த வாரம்தான். மேஸ்திரி உங்களுக்கு முன்னாலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.